நிலப்போர்வை வரைபடத்தின் துல்லியக் கணக்கு இடறும்போது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

செயற்கைக்கோள் படத்தை வகைப்படுத்தி, காடு, வயல், நீர், கட்டடம் என்று வரைபடம் தயாராகிவிட்டது. சரிபார்ப்புப் புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பிழை அணியும் (வரைபடம் சொன்ன வகைக்கு எதிரே உண்மை வகையை எண்ணிக் காட்டும் அட்டவணை) போட்டாயிற்று. ஆனால் வந்த எண் நம்ப முடியாத அளவுக்கு உயர்வாக இருக்கிறது, அல்லது படுமோசமாக இருக்கிறது, அல்லது இரண்டு எண்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. இந்த நிலையில் பலரும் முதலில் கைவைப்பது வகைப்படுத்தும் அல்காரிதத்தில்தான். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. புள்ளிகளை எப்படித் தேர்ந்தெடுத்தோம், எப்படிப் பெயரிட்டோம், எப்படி எண்ணினோம் என்ற மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். அல்காரிதத்தைத் தொடுவதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள்.

தொடங்கும் முன் அட்டவணை முழுமையாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் எண், ஆயத்தொலைவுகள், மாதிரி எடுத்தபோது அது இருந்த அடுக்கு (புள்ளி எடுப்பதற்காக நிலத்தைப் பிரித்த பகுதிகளில் ஒன்று; பெரும்பாலும் ஒரு வரைபட வகை), வரைபடம் சொல்லும் வகை, உண்மை வகை, இரண்டாவதாகப் பொருந்தக்கூடிய வகை, பார்த்த படத்தின் தேதி, பெயரிட்டவரின் குறியீடு, அவருடைய உறுதி நிலை ஆகியவை வேண்டும். இவற்றில் அடுக்கு என்ற நெடுவரிசை தொலைந்துபோனால் கீழே சொல்லும் திருத்தங்களில் பாதியைச் செய்யவே முடியாது. ஒவ்வோர் அடுக்கின் மொத்தப் பரப்பையும் தனியே குறித்து வையுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க, அணியின் வரிசைகள் வரைபட வகை, நெடுவரிசைகள் உண்மை வகை. வரைபடம் காடு என்று காட்டும் இடங்களில் எத்தனை பங்கு நிஜமாகவே காடு என்பது பயனர் துல்லியம். இது வரிசை வழியாக வருவது. நிஜக் காட்டில் எத்தனை பங்கை வரைபடம் பிடித்தது என்பது உற்பத்தியாளர் துல்லியம். இது நெடுவரிசை வழியாக வருவது.

அறிகுறி: துல்லியம் 98%, 99% என்று வருகிறது, களத்துக்குப் போனால் வரைபடம் பொய் சொல்கிறது

அல்காரிதத்தின் பயிற்சிக்காக வரைந்த பலகோணங்களுக்குள் இருக்கும் பிக்சல்களையே பயிற்சிக்கும் சோதனைக்கும் 70:30 என்று குலுக்கிப் பிரித்திருப்பீர்கள். ஒரே வயலுக்குள் அடுத்தடுத்து இருக்கும் பிக்சல்கள் கிட்டத்தட்ட ஒரே நிறமாலை மதிப்பு கொண்டவை. ஒன்று பயிற்சியிலும் பக்கத்துப் பிக்சல் சோதனையிலும் விழுந்தால், வீட்டுப்பாடத்தில் கொடுத்த கணக்கையே தேர்விலும் கேட்டது போல ஆகிவிடும். ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற வகைப்படுத்தும் அல்காரிதம் தானே தரும் உள் பிழை மதிப்பீட்டுக்கும் இதே நோய் உண்டு.

சோதிக்க எளிய வழி: பிக்சல்வாரியாகப் பிரிக்காமல் பலகோணம்வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டுங்கள். எண் சட்டென்று கீழே இறங்கினால் காரணம் இதுதான். ஆனால் இது நோயறியும் வழி மட்டுமே. பலகோணங்களை நாமே பார்த்து, தெளிவான இடங்களாகத் தேர்ந்தெடுத்து வரைந்தோம். கலப்பு நிலம், ஓரங்கள், சந்தேகமான திட்டுகள் எல்லாம் அதில் வரவே இல்லை. சாலையோரமாகவே எடுத்த களப் புள்ளிகளும் அப்படித்தான். முழு வரைபடத்துக்கும் பொருந்தும் எண் வேண்டுமென்றால், வரைபடம் முடிந்த பிறகு அதன் முழுப் பரப்பிலிருந்து சமவாய்ப்பு முறையில் புதிதாக எடுத்த மாதிரி வேண்டும். இதற்கு மாற்று கிடையாது.

அறிகுறி: பயனர் துல்லியமும் உற்பத்தியாளர் துல்லியமும் இடம் மாறித் தெரிகின்றன; அல்லது அணி முழுக்கச் சுழியம்

மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கம் வேறு. பைத்தானின் சைக்கிட்-லேர்ன் தரும் அணியில் வரிசை உண்மை, நெடுவரிசை கணிப்பு. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே ஆராயும் தளமான கூகுள் எர்த் எஞ்சினிலும் அப்படியே. ஆர் மொழியின் கேரட் தொகுப்பில் வரிசை கணிப்பு, நெடுவரிசை உண்மை. எதில் போட்டாலும், வரிசைக் கூட்டுத்தொகையை நீங்கள் ஒவ்வொரு வரைபட வகைக்கும் எடுத்த புள்ளி எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அணியைத் திருப்பிப் போடுங்கள்.

எர்த் எஞ்சினின் அணி, வகைக் குறியீடுகள் 0-இலிருந்து தொடர்ச்சியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்ட்கவர் வரைபடம் போல 10, 20, 30 என்று போய் 100-இல் முடியும் குறியீடுகளை அப்படியே கொடுத்தால் 101 × 101 அணி வந்து நிற்கும். முதலிலேயே 0, 1, 2 என்று குறியீட்டை மாற்றுங்கள், அல்லது வகைக் குறியீடுகளின் பட்டியலைக் கட்டளையில் கொடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறு கண்ணுக்கு எளிதில் படாது. வகை வரைபடத்தை வேறு ஆயத்தொலைவு முறைக்கு மாற்றும்போது இருநேரியல் இடைச்செருகலை (சுற்றியுள்ள நான்கு பிக்சல்களின் எடையிட்ட சராசரியை) பயன்படுத்தினால், மென்பொருள் குறியீடுகளைச் சராசரி எடுத்துவிடும். வேர்ல்ட்கவரில் மரம் 10, கட்டடம் 50. இரண்டின் நடுவே வரும் 30 புல்வெளி! அது செல்லுபடியாகும் குறியீடு என்பதால் எந்த எச்சரிக்கையும் வராது. மரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே இல்லாத புல்வெளி முளைத்திருக்கும். வகை வரைபடத்துக்கு எப்போதும் மிக அருகிலுள்ள பிக்சல் முறைதான்.

அறிகுறி: மொத்தத் துல்லியம் 96%, கப்பா 0.31

மொத்தத் துல்லியம் என்பது எல்லாப் புள்ளிகளிலும் வரைபடம் சரியாகச் சொன்ன பங்கு; கப்பா என்பது தற்செயலாக ஒத்துப்போகக்கூடியதைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் எண். இரண்டு எண்களுமே சரியாகக் கணக்கிடப்பட்டிருக்கலாம். 1,000 சமவாய்ப்புப் புள்ளிகளில் மாற்றம், மாற்றமில்லை என்று இரண்டே வகை இருப்பதாக வையுங்கள். மாற்றம் என்று இரண்டு பக்கமும் ஒத்தவை 10, வரைபடம் மட்டும் மாற்றம் என்றவை 20, உண்மையில் மட்டும் மாற்றம் இருந்தவை 20, மாற்றமில்லை என்று ஒத்தவை 950. மொத்தத் துல்லியம் 96%, கப்பா 0.31. மாற்றத்துக்கான பயனர், உற்பத்தியாளர் துல்லியங்கள் இரண்டுமே 33%தான். எங்குமே மாற்றமில்லை என்று வெற்றாக நிரப்பிய வரைபடத்துக்கு இதே புள்ளிகளில் 97% கிடைத்திருக்கும்.

ஆகவே அரிதான வகையைத் தேடும் வேலையில் மொத்தத் துல்லியத்தைத் தனியாக வெளியிடாதீர்கள். கப்பாவும் இதற்கு மருந்தல்ல. 1960-இல் ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் இரண்டு மதிப்பீட்டாளர்களின் உடன்பாட்டை அளக்கக் கொண்டுவந்த எண் அது. வகைகளின் பங்கு மாறினாலே ஏறி இறங்கும். பிழை எங்கே இருக்கிறது என்று சொல்லாது. வகைவாரியாகப் பயனர், உற்பத்தியாளர் துல்லியங்களையும் நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) கொடுப்பதே போதும், அதுவே நேர்மையும்கூட. கப்பாவைக் கட்டாயம் கேட்கிறார்கள் என்றால் கடைசி வரியில் போடுங்கள்; அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அறிகுறி: எடை சேர்த்ததும் உற்பத்தியாளர் துல்லியம் 93%-இலிருந்து 58%-ஆக விழுகிறது

எடை என்பது ஒரு புள்ளி எவ்வளவு பரப்பைக் குறிக்கிறது என்பது. இந்த வீழ்ச்சியைப் பார்த்ததும் சூத்திரம் தவறு என்று எண்ணி எடையை நீக்கிவிடுவோர் உண்டு. எடையில்லாத எண்தான் தவறு. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்பது நல்லது, ஏனென்றால் வெளியாகும் வரைபடங்களில் அதிகம் நடக்கும் பிழை இது.

1,00,000 எக்டேர் பரப்பு. வரைபடத்தில் காடழிவு 2%, காடு 38%, பிற நிலம் 60%. ஒவ்வோர் அடுக்கிலும் முறையே 100, 200, 300 புள்ளிகள்.

| வரைபடம் | காடழிவு | காடு | பிற | மொத்தம் |
|---|---|---|---|---|
| காடழிவு | 80 | 8 | 12 | 100 |
| காடு | 3 | 185 | 12 | 200 |
| பிற | 3 | 12 | 285 | 300 |

நேராக எண்ணினால் காடழிவின் உற்பத்தியாளர் துல்லியம் 80 ÷ 86, அதாவது 93%. ஆனால் இந்த 86 புள்ளிகளும் சம மதிப்பு உள்ளவை அல்ல. காடழிவு அடுக்கில் 2,000 எக்டேருக்கு 100 புள்ளி, அதனால் ஒரு புள்ளி 20 எக்டேரைக் குறிக்கிறது. காடு அடுக்கில் ஒரு புள்ளி 190 எக்டேர். பிற நிலத்தில் ஒரு புள்ளி 200 எக்டேர். வரைபடம் தவறவிட்ட அந்த 3 + 3 புள்ளிகள் 570 + 600 எக்டேர் காடழிவைச் சுமந்து நிற்கின்றன.

செய்ய வேண்டியது:

1. ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் அந்த வரிசையின் மொத்தப் புள்ளிகளால் வகுத்து, அந்த அடுக்கின் பரப்புப் பங்கால் பெருக்குங்கள். காடழிவு நெடுவரிசை 0.0160, 0.0057, 0.0060 என்று மாறும், கூட்டுத்தொகை 0.0277.
2. மூலைவிட்டக் கட்டத்தை நெடுவரிசைக் கூட்டுத்தொகையால் வகுங்கள். 0.0160 ÷ 0.0277 = 57.8%. இதுதான் உற்பத்தியாளர் துல்லியம்.
3. பயனர் துல்லியம் எடையால் மாறாது, 80%-ஆகவே இருக்கும். மொத்தத் துல்லியம் 91.7%-இலிருந்து 93.75%-ஆக உயரும்.
4. நெடுவரிசைக் கூட்டுத்தொகையை மொத்தப் பரப்பால் பெருக்கினால் காடழிவின் மதிப்பிட்ட பரப்பு 2,770 எக்டேர். வரைபடப் பிக்சல்களை எண்ணினால் வருவது 2,000 எக்டேர்.

பிக்சல்களை எண்ணிப் பரப்பைச் சொல்லும் அறிக்கை, வரைபடத்தின் சேர்ப்புப் பிழையும் (இல்லாததை இருப்பதாகக் காட்டுவது) விடுபடல் பிழையும் (இருப்பதைத் தவறவிடுவது) ஒன்றையொன்று தற்செயலாகச் சரிக்கட்டினால் மட்டுமே சரியாக இருக்கும். ஒரு புள்ளியைக்கூடப் புதிதாக எடுக்காமல், கையில் இருக்கும் அணியிலிருந்தே திருத்திய பரப்பைச் சொல்ல முடியும்போது அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

எர்த் எஞ்சினும் சைக்கிட்-லேர்னும் தரும் துல்லிய எண்களில் இந்தப் பரப்பு எடை தானாகச் சேர்வதில்லை. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் அக்கட்டாமா என்ற செருகுநிரல் எடையோடு கணக்கிட்டுத் தரும். விரிதாளிலும் மேலே சொன்ன நான்கு படிகளைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

எடை போட்ட பிறகும் பரப்பு ஒட்டவில்லை என்றால் ஆயத்தொலைவு முறையைப் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை முறையிலேயே பிக்சல் எண்ணியிருந்தால், 60° அட்சரேகையில் ஒரு பிக்சலின் பரப்பு நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். இணைய மெர்கேட்டர் முறையில் இது இன்னும் மோசம், அங்கே பரப்பு நான்கு மடங்காக ஊதித் தெரியும். அடுக்குகளின் பரப்பைச் சமபரப்பு எறியத்தில் (பரப்பைச் சிதைக்காத வரைபட முறை) மட்டுமே கணக்கிடுங்கள்.

அறிகுறி: பரப்பு மதிப்பீட்டின் இடைவெளி மிக அகலம்

மேலே உள்ள எடுத்துக்காட்டில் 95% நம்பிக்கை இடைவெளி 2,770 ± 946 எக்டேர். காடழிவு அடுக்கில் இன்னும் 200 புள்ளி சேர்த்தால் சுருங்கும் என்று தோன்றும். கிட்டத்தட்டச் சுருங்காது. ஒவ்வோர் அடுக்கின் பங்களிப்பு, பரப்புப் பங்கின் வர்க்கம் × ப × (1 − ப) ÷ (புள்ளிகள் − 1). இதில் ப என்பது அந்த அடுக்கில் காடழிவாக வந்த புள்ளிகளின் விகிதம். மூன்றையும் கூட்டினால் மாறுபாடு, அதன் வர்க்கமூலம் திட்டப் பிழை, அதை 1.96-ஆல் பெருக்கினால் இடைவெளி. கணக்கிட்டுப் பார்த்தால் மாறுபாட்டில் 97%க்கும் மேல் காடு, பிற நிலம் ஆகிய பெரிய அடுக்குகளில் தவறவிட்ட அந்த ஆறு புள்ளிகளிலிருந்தே வருகிறது.

தவறவிட்ட காடழிவு பெரும்பாலும் ஏற்கெனவே கண்டுபிடித்த காடழிவின் ஓரத்தில்தான் இருக்கும். ஆகவே 30 மீட்டர் பிக்சலில், கண்டுபிடித்த திட்டுகளைச் சுற்றி 2 அல்லது 3 பிக்சல் அகலத்தில் ஒரு வளையத்தைத் தனி அடுக்காக்கி, அதில் 75 முதல் 100 புள்ளிகள் எடுங்கள். விடுபட்டவை அந்தச் சிறிய அடுக்கில் சிக்கினால் ஒவ்வொரு புள்ளியின் சுமையும் குறைந்துவிடும். இதை மாதிரி எடுக்கும் முன்பே செய்வது சிறந்தது. பிறகு செய்வதானால் பழைய புள்ளிகளையும் வளையத்துக்கு உள்ளே, வெளியே என்று பிரித்து, புதிய புள்ளிகளை அந்தந்தத் துணை அடுக்கில் சமவாய்ப்பாகச் சேர்த்து, எடைகளைத் திரும்பக் கணக்கிடுங்கள். பிழையாக வந்த புள்ளிகளைப் பார்த்து வளையத்தின் எல்லையை வரையக் கூடாது.

மொத்தம் எத்தனை புள்ளி வேண்டும் என்பதற்கு ஊகம் வேண்டாம். ஒவ்வோர் அடுக்கின் எதிர்பார்க்கும் பயனர் துல்லியத்தை து என்று வைத்து, து × (1 − து) என்பதன் வர்க்கமூலத்தைப் பரப்புப் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள். அதை விரும்பும் திட்டப் பிழையால் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். இதே பரப்பில் 70%, 90%, 85% என்று எதிர்பார்த்தால் கூட்டுத்தொகை 0.337. திட்டப் பிழை 0.02 போதுமென்றால் சுமார் 285 புள்ளிகள், 0.01 வேண்டுமென்றால் சுமார் 1,140. இது மொத்தத் துல்லியத்துக்கான கணக்கு. அரிய வகைகளுக்குத் தலா 50 முதல் 100 வரை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதியைப் பரப்புக்கு ஏற்பப் பங்கிடுங்கள். 30-க்கு 30 சரி என்று வந்த வகைக்கு 100% என்று எழுதிவிடாதீர்கள். 95% நம்பிக்கையில் பிழை சுமார் 10% வரை இருக்கலாம் என்பதே அதன் பொருள்.

அறிகுறி: பிழைகள் எல்லாம் வகைகளின் ஓரங்களில் குவிகின்றன

ஒவ்வொரு புள்ளிக்கும் வரைபடத்தில் மிக அருகிலுள்ள வகை எல்லை எத்தனை மீட்டர் என்று கணக்கிடுங்கள். ஒரு பிக்சலுக்குள் இருப்பவற்றில் பிழை மிகுந்து, மூன்று பிக்சலுக்கு அப்பால் ஏறக்குறைய இல்லாமல் போனால், இடப்பெயர்வுதான் முதல் சந்தேகம். உயர் பிரிதிறன் பின்னணிப் படங்களே சில மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் நகர்ந்திருக்கும். கைக்கருவி ஜிபிஎஸ் அடர்ந்த மரங்களுக்கடியில் 10 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். சென்டினல்-2-இன் 10 மீட்டர் பிக்சலுக்கு அது பக்கத்துப் பிக்சல்.

சாலைச் சந்திப்பு, அணை மூலை போன்ற தெளிவான இடங்கள் பத்தைப் பிடித்து, இரண்டு படங்களுக்கும் இடையே நகர்வு ஒரே திசையில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரே திசை என்றால் படத்தை நகர்த்தித் திருத்தலாம். சிதறலாக இருந்தால் திருத்த முடியாது. மதிப்பிடும் அலகை மாற்ற வேண்டும். புள்ளியை மட்டும் பார்க்காமல் பிக்சலின் சதுரத்தையே பின்னணிப் படத்தின் மேல் வரைந்து, அதற்குள் பெரும்பங்கு எது என்று பெயரிடுங்கள்.

ஓரப் புள்ளிகளைக் கழித்துவிட்டுத் துல்லியத்தை உயர்த்திக்காட்டும் பழக்கம் இருக்கிறது. துண்டு துண்டான நிலப்பரப்பில் பாதி வரைபடமே ஓரம்தான். கழித்த பிறகு வரும் எண் அந்த வரைபடத்தைப் பற்றியதே அல்ல.

அறிகுறி: இரண்டு வகைகள் மட்டும் எப்போதும் ஒன்றோடொன்று குழம்புகின்றன

வயலும் தரிசும், நீரும் சதுப்பும் குழம்பினால் தேதியைப் பாருங்கள். வரைபடம் மழைக்காலப் படத்திலிருந்தும், சரிபார்ப்பு கோடைக்காலப் படத்திலிருந்தும் வந்திருந்தால் இரண்டுமே அவரவர் அளவில் சரி. பின்னணி உயர் பிரிதிறன் படம் பல தேதிகளின் ஒட்டு. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கே மூன்று ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். தேதியைப் பதிவு செய்து, வரைபட ஆண்டிலிருந்து விலகிய புள்ளிகளை லேண்ட்சாட் அல்லது சென்டினல் காலத்தொடரோடு சேர்த்துப் பார்த்துப் பெயரிடுங்கள்.

காடும் தோட்டமும் குழம்பினால் வரையறையைப் பாருங்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வரையறையில் காடு என்பது 0.5 எக்டேருக்கு மேற்பட்ட நிலம், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், 10%க்கு மேல் விதான மூடல். பழத்தோட்டமும் எண்ணெய்ப்பனையும் அதில் சேராது. ரப்பர்த் தோட்டம் சேரும். அல்காரிதம் இந்த நுணுக்கத்தை அறியாது. பெயரிடுவோர் ஒருவர் ஒரு வரையறையிலும் இன்னொருவர் வேறு வரையறையிலும் எழுதியிருந்தால் அணியில் அது வரைபடப் பிழையாகத்தான் தெரியும்.

அறிகுறி: பெயரிடுவோர் இருவரின் விடைகள் ஒத்துப்போகவில்லை

வரைபட வகையைப் பெயரிடுவோர் கண்ணில் காட்டாதீர்கள். காட்டினால் கை தானாகவே அந்தப் பக்கம் சாயும். புள்ளிகளைக் கலைத்துக் கொடுங்கள். குறைந்தது இருவர் தனித்தனியே பெயரிட்டு, மாறுபடுபவற்றை மூன்றாமவர் தீர்க்கட்டும். கலெக்ட் எர்த் ஆன்லைன் போன்ற இலவசக் கருவியில் இதை எளிதாக அமைக்கலாம். உண்மையிலேயே கலப்பான இடத்துக்கு இரண்டாம் வகையையும் பதிந்து, முதல் வகை மட்டும் ஒத்தால் எவ்வளவு, ஏதாவது ஒன்று ஒத்தால் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் கொடுங்கள்.

அரிய வகையில் பெயரிடும் பிழையின் விளைவு கொடூரமானது. மேலே பிற நில அடுக்கின் 300 புள்ளிகளில் 3, அதாவது 1% மட்டும் தவறாகக் காடழிவு என்று எழுதப்பட்டிருந்தால் போதும், 600 எக்டேர் பொய்யாக முளைத்துவிடும். ஆகவே பெரிய அடுக்குகளில் மாறுபட்ட புள்ளிகளை மறுபார்வை செய்வது அவசியம். ஆனால் மாறுபட்டவற்றை மட்டும் திரும்பப் பார்த்தால் திருத்தம் எப்போதும் வரைபடத்துக்குச் சாதகமாகவே போகும். ஒத்துப்போன புள்ளிகளிலிருந்தும் அதே எண்ணிக்கையை எடுத்து, எது எதுவென்று தெரியாதபடி கலந்து கொடுங்கள். ஒத்தவற்றிலும் பிழை வந்தால் அந்த அடுக்கு முழுவதையும் மறுபடி பெயரிட வேண்டும்.

அறிகுறி: வரைபடத்தைத் திருத்தியதும் பழைய புள்ளிகளில் எண்கள் குழம்புகின்றன

வடிகட்டி சிறு திட்டுகளை நீக்கினீர்கள். சில புள்ளிகளின் வரைபட வகை மாறிவிட்டது. புதிய வரைபடத்தின் பரப்புகளை எடுத்துப் பழைய புள்ளிகளுக்கு எடை போடுவது தவறு. ஒரு புள்ளியின் எடை, அது தேர்ந்தெடுக்கப்பட்ட நாளில் இருந்த அடுக்கின் பரப்பை அந்த அடுக்கின் புள்ளி எண்ணிக்கையால் வகுத்தது. அது என்றைக்கும் மாறாது. அந்த எடையோடு புதிய வகையையும் உண்மை வகையையும் ஒப்பிட்டுக் கூட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே வரைபடத்தைத் திருத்தியிருந்தால் அவை பயிற்சிப் புள்ளிகளாகிவிட்டன. புது மாதிரி எடுங்கள்.

மேகம், படமின்மை, போகமுடியாத இடம் என்று விடுபட்ட புள்ளிகளை ஓசையின்றி நீக்காதீர்கள். எந்த அடுக்கில் எத்தனை என்று சொல்லுங்கள். மாற்றுப் புள்ளியை அதே அடுக்கிலிருந்து, முன்கூட்டியே குலுக்கி வைத்த பட்டியலின் வரிசைப்படி எடுங்கள்.

அறிகுறி: 85% எட்டவில்லை

1976-இல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறை வெளியிட்ட வகைப்பாட்டில் குறைந்தபட்சமாகச் சொன்ன எண் அது. எல்லா வேலைக்கும் பொருந்தும் விதியல்ல. 10 மீட்டர் பிரிதிறன் கொண்ட வேர்ல்ட்கவரின் உலகளாவிய துல்லியம் 2020 பதிப்பில் 74.4%, 2021 பதிப்பில் 76.7%. வரைபடம் எதற்குப் பயன்படப்போகிறதோ அந்த வகையின் துல்லியம் போதுமா என்று கேளுங்கள்.

அறிகுறி: இரண்டு வரைபடங்களில் எது மேல் என்று தெரியவில்லை

ஒரே 500 சமவாய்ப்புப் புள்ளிகளில் முதலாவது 84%, இரண்டாவது 86.4%. இரண்டாவது மட்டும் சரியாகச் சொன்னவை 40, முதலாவது மட்டும் சரியாகச் சொன்னவை 28 என்றால், மெக்னிமார் சோதனையில் (ஒரே புள்ளிகளில் இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) வித்தியாசத்தின் வர்க்கம் 144-ஐக் கூட்டுத்தொகை 68-ஆல் வகுக்க 2.12 வரும். 95% நம்பிக்கைக்கான வரம்பான 3.84-ஐத் தாண்டவில்லை, மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது. அடுக்குவாரியாக எடுத்த மாதிரிக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே போடாதீர்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டாவது மட்டும் சரி என்றால் +1, முதலாவது மட்டும் சரி என்றால் −1, மற்றவை 0 என்று குறித்து, அதன் எடையிட்ட சராசரியையும் திட்டப் பிழையையும் அடுக்குவாரியாகக் கணக்கிடுங்கள். 95% இடைவெளிக்குள் சுழியம் விழுந்தால், அந்த இரண்டு வரைபடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இந்தப் புள்ளிகளால் தீர்மானிக்க முடியாது.